அரிசிம்பருப்பு என் வீட்டில் பொங்கல் ஆகிவிட்டது, எங்கே தவறு?

#1 சென்னிமலைக்காரன்

வணக்கம். வேலைக்காகப் புனே வந்து இரண்டு வருடம் ஆகிறது. மனைவிக்குச் சொந்த ஊர் கும்பகோணம். எங்கள் இருவருக்கும் சண்டை வந்தால் அது பெரும்பாலும் தட்டுக்கு முன்னால்தான் வரும்.

போன ஞாயிறு, "இன்று நான் சமைக்கிறேன்" என்று வீம்பாக இறங்கினேன். அம்மா செய்யும் அரிசிம்பருப்பு. கடலெண்ணெயில் கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, ஒரு கை சின்ன வெங்காயம், ஏழெட்டுப் பல் பூண்டு, இரண்டு தக்காளி வதக்கினேன். ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பு, மூன்றரை டம்ளர் தண்ணீர், மஞ்சள்தூள், உப்பு. நான்கு விசில்.

திறந்து பார்த்தால் சோறு கூழாகிக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பருப்போ பல்லில் கடிபட்டது. மனைவி ஒரு வாய் வைத்துவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் ஊரில் இதை வெண்பொங்கல் என்போம். மிளகு போட மறந்துவிட்டீர்கள், அவ்வளவுதான்" என்றாள்.

எனக்கு இரண்டு கேள்வி. ஒன்று, எங்கே பிசகினேன்? இரண்டு, இரண்டுமே அரிசியும் பருப்பும்தான் என்றால், அரிசிம்பருப்பு பொங்கல் இல்லை என்று அவளிடம் எப்படி நிரூபிப்பது? இரண்டாவதுதான் அவசரம்.

#2 சமையற்கட்டு

ஏனுங்க தம்பி, எந்த அரிசி என்றே சொல்லவில்லையே? எல்லாமே அங்கேதான் இருக்கிறது.

எங்கள் கோயமுத்தூர் வீட்டில் தினம் சாப்பாட்டுக்கு வடிக்கும் பொன்னி புழுங்கலரிசிதான் இதற்கும். சோறு உதிரியாகவும் இருக்கக்கூடாது, கூழாகவும் கூடாது. தட்டில் போட்டால் மெல்லப் பரவவேண்டும், ஆனால் ஒவ்வொரு அரிசியும் கண்ணுக்குத் தெரியவேண்டும். பருப்பு மலர்ந்து பாதி கரைந்து, பாதி உருத்தெரிய நிற்கவேண்டும். பச்சரிசியில் செய்தால் அந்தப் பதம் பிடிபடுவது கஷ்டம்.

அரிசியையும் பருப்பையும் சேர்த்தே களைந்து இருபது நிமிடமாவது ஊறவிடுங்கள். மிளகும் சீரகமும் அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டிப் போடுவேன். மிக்ஸியில் நைசாக அடித்தால் அந்த வாசனை வராது. இறக்கும்போது கொத்தமல்லித் தழை. சிலர் தேங்காய்த் துருவலும் சேர்ப்பார்கள். தட்டில் போட்டதும் குழி செய்து நெய். பொள்ளாச்சிப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் நெய்க்குப் பதில் பச்சையாகத் தேங்காயெண்ணெய் ஒரு கரண்டி ஊற்றிக்கொள்வார்கள், அதுவும் தனி ருசி. தொட்டுக்கொள்ளத் தயிரும் அப்பளமும் போதும்.

இது விருந்துச் சாப்பாடு இல்லை. காட்டில் வேலை அதிகமாக இருக்கும் நாளில் குழம்பு, ரசம், கறி என்று தனித்தனியாக வைக்க யாருக்கு நேரம் இருந்தது? எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டு மூடிவிட்டுப் போவார்கள். பொங்கலோ காலைப் பலகாரம். வேளையே வேறு. மனைவியிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

#3 மார்கழிப்பனி

கும்பகோணத்துப் பெண் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. கூழாகிவிட்ட அரிசிம்பருப்பு ஏறக்குறைய பொங்கல்தான். ஆனால் எல்லாக் குழைந்த சோற்றையும் பொங்கல் என்று சொன்னால் எனக்குக் கொஞ்சம் வலிக்கும்.

வெண்பொங்கலுக்குப் பச்சரிசி, பாசிப்பருப்பு. துவரம்பருப்பு வாசலுக்குள்ளேயே வரக்கூடாது. எங்கள் வீட்டில் ஒரு ஆழாக்கு அரிசிக்கு அரை ஆழாக்குப் பருப்பு, சில வீடுகளில் கால்தான். பருப்பை வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுப்போம், சிவக்க விடமாட்டோம். தண்ணீர் நான்கிலிருந்து ஐந்து பங்கு. வெந்ததும் கரண்டிக் காம்பால் நன்றாக மசிக்கவேண்டும். வெங்காயம், பூண்டு, தக்காளி, மஞ்சள்தூள் எதுவும் கிடையாது. காரம் முழுக்க மிளகு, இஞ்சியிலிருந்துதான்.

மிளகில் ஒரு நுணுக்கம். பாதியை முழுசாக, மீதியைத் தட்டிப் போடவேண்டும். நெய் காய்ந்ததும் மிளகைப் போட்டு, அது வெடித்த பிறகு சீரகம், கடைசியில் முந்திரி. வெடிக்காத மிளகு வாயில் அகப்பட்டால் குழந்தைகள் தட்டின் ஓரத்தில் அடுக்கி வைப்பார்கள். நானும் அப்படி அடுக்கியவன்தான். மார்கழி மாதம் விடியற்காலை கோயிலில் தொன்னையில் கொடுத்தால் மட்டும் அடுக்கத் தோன்றியதில்லை, குளிரில் அப்படியே இறங்கிவிடும்.

தொட்டுக்கொள்ளச் சிதம்பரம் கத்திரிக்காய் கொத்சு இருந்தால் வேறு பேச்சே வேண்டாம். சட்னியும் சாம்பாரும் ஹோட்டல் பழக்கம். இதை எழுதினால் சண்டைக்கு வருவார்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

#4 குக்கர்விசில்

> சோறு கூழாகி... பருப்போ பல்லில் கடிபட்டது

இதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரே குக்கர், ஒரே நேரம், ஆனால் ஒன்று கூடுதலாக வெந்து மற்றது வேகவில்லை. அப்படியானால் விசிலின் எண்ணிக்கையைக் குறை சொல்லிப் பயனில்லை.

துவரம்பருப்பு வேகும்போது அதன் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரையவேண்டும். புளிப்பு இருந்தால் அது சீக்கிரம் கரையாது. நீங்கள் இரண்டு தக்காளியை வதக்கி, அந்தப் புளிப்பிலேயே பருப்பை வேகப் போட்டிருக்கிறீர்கள். சாம்பாரில் பருப்பைத் தனியாக வேகவைத்துவிட்டுப் பிறகு புளித்தண்ணீரில் சேர்ப்பதற்குக் காரணமும் இதுவே. தண்ணீர் உப்புத் தண்ணீராக இருந்தாலும் இதே கதை. அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் பெக்டினை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது, பருப்பு பழசாக இருக்கலாம். மாதக்கணக்கில் வெயிலும் புழுக்கமும் பட்ட பருப்பு எவ்வளவு கொதித்தாலும் விறைப்பாகவே கிடக்கும்.

அதனால் பருப்பை மட்டும் தனியாக அரை மணி நேரம் சுடுதண்ணீரில் ஊறப்போடுங்கள். தக்காளி ஒன்று போதும். குடிதண்ணீரிலேயே சமையுங்கள். பாசிப்பருப்புக்கு இந்தத் தொல்லை குறைவு, அது சீக்கிரம் வெந்து கரைந்துவிடும்.

புனே கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 560 மீட்டர் உயரம், தண்ணீர் 98 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால்தான் பருப்பு வேகவில்லை என்று யாராவது சொல்ல வருவார்கள். திறந்த பாத்திரத்தில் சமைத்தால் அது கொஞ்சம் உண்மை. குக்கருக்குள் சூடு 120 டிகிரி வரை ஏறும், அங்கே இந்த இரண்டு டிகிரியால் ஒன்றும் ஆகாது.

சோறு ஏன் குழைந்தது என்பது அரிசியைத் தெரிந்துகொண்டால்தான் சொல்லமுடியும். புது அரிசியா?

#5 சென்னிமலைக்காரன்

சமையற்கட்டு அக்கா, குக்கர்விசில் அண்ணா, நன்றி. பருப்பை ஊறவைக்கவில்லை. தண்ணீர் குழாய்த் தண்ணீர். தக்காளி விஷயத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், அம்மா ஒன்றுதான் போடுவார்.

அரிசி எது என்று தெரியவில்லை. அலமாரியில் ஒரு டப்பாவில் இருந்தது. குட்டையாக, வெள்ளையாக, நல்ல வாசனையாக இருந்தது. மனைவியிடம் கேட்டால் தோற்ற மாதிரி ஆகிவிடும்.

#6 தாமிரபரணி

அரிசியும் பருப்பும் என்றால் துவரை, பாசி இரண்டு மட்டும்தானா? எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து உளுந்தஞ்சோற்றை யாருமே நினைக்கவில்லையே.

தொலியோடு இருக்கும் கறுப்பு உளுந்தை உடைத்து, வாணலியில் வாசனை தூக்கும்வரை வறுக்கவேண்டும். இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு. கொஞ்சம் வெந்தயம், தோல் உரித்த பூண்டு ஒரு முழுக் கட்டி, சீரகம், பெருங்காயம். பாதி வெந்ததும் ஒரு மூடி தேங்காயைத் துருவிப் போட்டுக் கிளறவேண்டும். தாளிப்புகூட வேண்டாம். பார்க்கச் சாம்பல் நிறமாக, அழகில்லாமல் இருக்கும். முதல் தடவை பார்த்த என் வீட்டுக்காரர், "இது என்ன, சோற்றில் மண் விழுந்துவிட்டதா?" என்று கேட்டார். இப்போது வாரத்துக்கு ஒரு தடவை அவரே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்.

தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். அதை அம்மியில் அரைத்து, நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்துகொள்ளவேண்டும். அவியலும் சேரும். கறிக்குழம்பு ஊற்றிச் சாப்பிடும் வீடுகளும் உண்டு. வயதுக்கு வந்த பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் இடுப்புக்குப் பலம் என்று இதைத்தான் ஆக்கிப் போடுவார்கள். எனக்கு அந்தப் பதினாறு நாளும் இதையே போட்டு, பிறகு பத்து வருடம் உளுந்தஞ்சோறு என்றாலே ஓடிப்போனேன். முப்பது வயதுக்கு மேல்தான் திரும்பவும் ஆசை வந்தது.

குக்கர்விசிலுக்கு ஒன்று. உளுந்து கொழகொழவென்று ஆகும், அதனால் தண்ணீரைக் குறைத்துக் குழையவிடாமல் எடுக்கவேண்டும். பொங்கல் பதம் இதற்கு ஆகாது.

#7 மல்லேஸ்வரம் மாமி

பெங்களூருக்கு வந்து முப்பது வருடம் ஆன உரிமையில் எழுதுகிறேன். இங்கே பிஸிபேளே பாத்தில் நடுவில் இருக்கும் 'பேளே' என்றால் பருப்பு, 'பிஸி' என்றால் சூடு. பருப்புக்குப் பெயரிலேயே இடம் கொடுத்துவிட்டார்கள் பாருங்கள். அரிசிக்குச் சமமாகத் துவரம்பருப்பு போடுவேன், குறைத்தால் ருசி இறங்கிவிடும்.

பொடிதான் உயிர். தனியா, கடலைப்பருப்பு, உளுத்தம்பருப்பு, பியாடகி மிளகாய், பட்டை, கிராம்பு, மராட்டி மொக்கு, கசகசா, கொப்பரை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்கவேண்டும். பியாடகிக்கு நிறம் அதிகம், காரம் குறைவு, அதனால் சிவப்பாக இருந்தாலும் நாக்கைச் சுடாது. புளியும் ஒரு துண்டு வெல்லமும் கட்டாயம். இறக்கும்போது தளதளவென்று இருக்கவேண்டும், ஏனென்றால் ஆறினால் இறுகிவிடும். மேலே நெய், பக்கத்தில் காராபூந்தி.

பொங்கலும் இங்கே உண்டு, ஹுக்கி என்பார்கள். சங்கராந்திக்கு இனிப்பும் காரமும் இரண்டும் செய்வார்கள். பார்ப்பதற்கு நம் பொங்கல்தான், ஆனால் பலர் தேங்காய் சேர்ப்பார்கள்.

#8 கூட்டாஞ்சோறு

பிஸிபேளே பாத் என்பது மசாலா போட்ட சாம்பார் சாதம்தானே மாமி? அதற்கு இவ்வளவு பில்டப்பா?

#9 மல்லேஸ்வரம் மாமி

சாம்பார் சாதம் என்பது தனியாக வைத்த சாம்பாரைத் தனியாக வடித்த சோற்றில் ஊற்றிக் கிளறுவது. இது ஒன்றாகவே வேகும். இந்த வித்தியாசத்தை மல்லேஸ்வரத்தில் எந்த வீட்டு வாசலிலும் நின்று சொல்லிப் பாருங்கள், தலையாட்டுவார்கள். உங்கள் வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தால் என்ன நடக்கும் என்று நான் பொறுப்பேற்கமாட்டேன்.

#10 சார்மினார்_தமிழன்

தெலுங்குப் பக்கத்தில் புலகம். ராயலசீமையில் தொலியோடு உடைத்த பச்சைப்பயறும் அரிசியும் சேர்த்து வெறும் உப்புப் போட்டு ஆக்குவார்கள். ருசி முழுக்கப் பக்கத்தில் வைக்கும் நிலக்கடலைப் பச்சடியில். போகி, சங்கராந்தி நாட்களில் வீட்டுக்கு வீடு இருக்கும்.

நான் இருக்கும் ஹைதராபாதில் கிச்சடி என்றால் மைசூர்ப்பருப்பு போட்டது, மஞ்சள் நிறத்தில் உதிரியாக. தொட்டுக்கொள்ள எள்ளும் புளியும் கரைத்த 'கட்டா', கூடவே கீமா. காலை ஏழு மணிக்குக் கீமாவா என்று முதல் மாதம் மலைத்தேன். இரண்டாவது மாதத்திலிருந்து மலைப்பு இல்லை.

#11 பழஞ்சோறு

சண்டையை விலக்க வந்திருக்கிறேன், அல்லது கூட்ட.

இந்தச் சேர்மானம் எவ்வளவு பழையது என்றால், 14ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த மொராக்கோ பயணி இபின் பதூதா, பயறும் அரிசியும் சேர்த்து வேகவைத்து நெய்யோடு காலையில் சாப்பிடுகிறார்கள், பெயர் 'கிஷ்ரி' என்று எழுதிவைத்திருக்கிறார். அக்பர் காலத்து அயினி அக்பரி என்ற நூலில் அளவே இருக்கிறது: அரிசி 5 சேர், பருப்பு 5 சேர், நெய் 5 சேர், உப்பு மூன்றில் ஒரு சேர். ஆமாம், அரிசிக்குச் சமமாக நெய். மார்கழிப்பனி ஐயா மூச்சை இழுத்துப் பிடித்திருப்பார். ஜஹாங்கீர் குஜராத்தில் சாப்பிட்ட கம்புக் கிச்சடியைப் பாராட்டி எழுதியிருக்கிறார். அதில் அரிசியே கிடையாது.

பெயர்தான் வேடிக்கை. நம் ஊரில் கிச்சடி கேட்டால் ரவையில் காய் போட்டுக் கொடுப்பார்கள். கேரளாவில் கேட்டால் தயிரில் வெள்ளரிக்காய் வரும். சென்னிமலைக்காரர் இருக்கும் புனேயில் விரத நாளில் கேட்டால் ஜவ்வரிசி வரும். உத்தரப் பிரதேசத்தின் கிழக்கிலும் பீகாரிலும் தைப்பொங்கல் நாளான மகர சங்கராந்திக்கே பெயர் 'கிச்சடி'. அன்று கோரக்பூர் கோரக்நாத் கோயிலில் அரிசியும் பருப்பும் கொண்டுவந்து காணிக்கையாகக் கொட்டுவார்கள். நாம் பண்டிகையின் பெயரைச் சோற்றுக்கு வைத்தோமா, சோற்றின் பெயரைப் பண்டிகைக்கு வைத்தோமா என்று அவர்களிடமும் கேட்கலாம். அதே நாள், அதே அரிசி. அங்கே பருப்பு மட்டும் பெரும்பாலும் கறுப்பு உளுந்து. தாமிரபரணி அக்கா, உங்கள் சொந்தக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள்.

2017 நவம்பரில் டெல்லியில் ஒரே பாத்திரத்தில் 918 கிலோ கிச்சடி சமைத்துக் கின்னஸ் சாதனையும் செய்தார்கள். கிச்சடியைத் தேசிய உணவாக அறிவிக்கப் போகிறார்கள் என்று அப்போது ஒரு வதந்தி கிளம்பி, மத்திய அமைச்சரே மறுக்கவேண்டியிருந்தது.

#12 கூட்டாஞ்சோறு

அந்தச் சாதனை போய்விட்டது ஐயா. 2020 ஜனவரியில் இமாச்சலத்துத் தத்தாபானியில் 1,995 கிலோ சமைத்தார்கள். இவ்வளவு பெரிய பாத்திரத்தில் அடி பிடித்ததா என்பதுதான் என் கேள்வி.

#13 ஹூக்ளிக்கரை

கொல்கத்தாவிலிருந்து. இங்கே மழை பிடித்தால் அலுவலகத்தில் பாதிப் பேர் முகத்தில் கிச்சுரி எழுதியிருக்கும். பாசிப்பருப்பை நம்மைவிடத் தாராளமாக வறுப்பார்கள், பொன்னிறம் தாண்டிச் சிவக்கும்வரை. கோவிந்தபோக் அரிசி, குட்டையாக, மணமாக. பக்கத்தில் வறுத்த ஹில்சா மீன், கத்திரிக்காய் வறுவல். துர்கா பூஜையில் கொடுக்கும் போகக் கிச்சுரியில் மட்டும் வெங்காயமும் பூண்டும் கிடையாது. மார்கழிப்பனி ஐயா அங்கே வந்தால் நிம்மதியாகச் சாப்பிடலாம், தொன்னைக்குப் பதில் இலைத்தட்டு.

குட்டை அரிசி, மணமான அரிசி என்றால் பொதுவாகக் குழையும். சென்னிமலைக்காரர் டப்பாவில் பார்த்தது அப்படி ஏதோ ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

#14 மார்கழிப்பனி

> அரிசிக்குச் சமமாக நெய்

மூச்சு வந்துவிட்டது. கணக்கை மட்டும் குறித்துக்கொண்டேன், வீட்டில் காட்டமாட்டேன்.

இத்தனை பேர் எழுதியதைப் பார்த்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. பருப்பு எது என்பதைவிட, எந்தப் பதத்தில் நிறுத்துகிறோம் என்பதில்தான் ஊர் தெரிகிறது. நாங்கள் மசித்துவிடுகிறோம். கோயமுத்தூரில் பாதியில் நிறுத்துகிறார்கள். ஹைதராபாதில் உதிர்க்கிறார்கள். பெங்களூரில் ஓடவிடுகிறார்கள். சென்னிமலைக்காரர் கோயமுத்தூரில் நிறுத்தவேண்டியதைத் தெரியாமல் கும்பகோணம் வரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

#15 சமையற்கட்டு

ஐயா, ஓட்டிக்கொண்டு வந்தவரிடம் தண்ணீர்க் கணக்கும் சரியில்லை. மூன்றரை டம்ளர் புழுங்கலரிசிக்குச் சரி. பச்சரிசி என்றால் அரிசியும் பருப்பும் சேர்த்து ஒன்றேகால் டம்ளருக்கு மூன்றே போதும். புது அரிசி என்றால் அதிலும் கொஞ்சம் குறைக்கவேண்டும். தம்பி, வாய் திறந்து மனைவியிடம் அரிசியின் பெயரைக் கேளுங்கள்.

#16 சென்னிமலைக்காரன்

நேற்று மறுபடி செய்தேன். பருப்பு அரை மணி நேரம் சுடுதண்ணீரில். ஒரு தக்காளி. குடிதண்ணீர் மூன்று டம்ளர். மிளகு சீரகம் தட்டிப் போட்டேன். பருப்பு நன்றாக மலர்ந்துவிட்டது, குக்கர்விசில் அண்ணாவுக்கு ஒரு கும்பிடு. ஆனால் சோறு இன்னும் ஒட்டுகிறது. முன்பைவிடப் பரவாயில்லை, ஆனால் அம்மா கைப்பதம் வரவில்லை. கேட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

#17 சென்னிமலைக்காரன்

இதை எழுதுவது அவர் இல்லை, அவர் மனைவி. கணினியைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். இழை முழுவதையும் படித்தேன்.

மார்கழிப்பனி ஐயாவுக்கு வணக்கம், எங்கள் வீட்டிலும் ஒன்றுக்கு அரைதான். சமையற்கட்டு அக்கா, உங்கள் பக்குவத்தை எழுதிவைத்துக்கொண்டேன்.

அந்த டப்பாவில் இருப்பது இந்திராயணி அரிசி. இங்கே புனேயைச் சுற்றி விளைவது, வெந்தால் பசைபோல ஒட்டிக்கொள்ளும். பக்கத்து வீட்டு அம்மா சொல்லி, பொங்கலுக்கு நன்றாக மசியும் என்பதற்காகவே நான் வாங்கி மேல்தட்டில் வைத்திருந்தேன். சாப்பாட்டு அரிசி கீழே, பெரிய டின்னில் இருக்கிறது, புழுங்கல். அவர் ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

இரண்டு வாரமாக என் பொங்கல் அரிசியில் முக்கால் கிலோ தீர்ந்திருக்கிறது. தை பிறப்பதற்குள் திரும்ப வாங்கி வைக்கச் சொல்லுங்கள், நான் சொன்னால் கேட்கமாட்டார்.

#18 சமையற்கட்டு

அம்மணி, நீங்களே ஒரு நாள் அந்தக் கீழ் டின்னிலிருந்து அரிசி எடுத்து அரிசிம்பருப்பு செய்து அவருக்குப் போடுங்கள். பூண்டைக் குறைக்காதீர்கள்.

#19 சென்னிமலைக்காரன்

குளித்துவிட்டு வந்தேன். டின்னைப் பார்த்தேன். அரிசி ஊறிக்கொண்டிருக்கிறது.